ரோமியோ ஜூலியட்: அந்தப் பகையில் வாளை உருவுகிறவர்கள் யார்?

முன்னுரைச் செய்யுள் முடிந்ததும் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் முதலில் மேடைக்கு வருகிறவர்கள் கபுலெட் வீட்டு வேலைக்காரர்கள் இரண்டு பேர், சாம்சனும் கிரிகோரியும். ஜூலியட் பிறந்த வீடு கபுலெட், ரோமியோ பிறந்த வீடு மாண்டேகு. வேலைக்காரர்கள்தான், ஆனால் இடுப்பில் வாளும் கையில் சிறு கேடயமுமாக வருகிறார்கள். மாண்டேகு வீட்டு நாயைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும் என்கிறான் சாம்சன். அந்த வீட்டு ஆண்களை அடித்து நொறுக்கிவிட்டு, அங்கே இருக்கும் பெண்களை என்ன செய்வேன் தெரியுமா என்று அசிங்கமாகப் பேசிக்கொண்டே போகிறான். சண்டை நம் எஜமானர்களுக்குள், அவர்களுடைய ஆட்களான நமக்குள் என்று கிரிகோரி சொல்கிறான். இந்தக் குடும்பப் பகை எப்படிப்பட்டது என்பதற்கு நாடகம் தரும் விளக்கத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அடுத்து நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாண்டேகு வீட்டு ஆட்கள் எதிரே வருகிறார்கள். சாம்சன் அவர்களைப் பார்த்துக் கட்டைவிரலைக் கடித்துக் காட்டுகிறான், அந்தக் காலத்தில் அது பெரிய அவமதிப்பு. எங்களைப் பார்த்தா கடிக்கிறாய் என்று அவர்கள் கேட்டதும் சாம்சன் கிரிகோரி பக்கம் திரும்பி, ஆமாம் என்று சொன்னால் சட்டம் நம் பக்கம் நிற்குமா என்று கிசுகிசுக்கிறான். நிற்காது என்கிறான் கிரிகோரி. உடனே, உங்களைப் பார்த்துக் கடிக்கவில்லை, ஆனால் விரலைக் கடிக்கிறேன் என்று பதில் வருகிறது. ஆக வெறி தலைக்கேறிய ஆட்கள் இல்லை இவர்கள். சட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு, வம்பு இழுத்தது நாம் என்று ஆகாதபடி வம்பு இழுக்கத் தெரிந்தவர்கள். எஜமானின் உறவுக்காரர் ஒருவர் தூரத்தில் வருவது தெரிந்ததும்தான் இவர்களுக்குத் துணிச்சல் வருகிறது, வாள் வெளியே வருகிறது. மாண்டேகு உறவினன் பென்வோலியோ விலக்கிவிட வருகிறான், அவன் கையில் வாளைப் பார்த்த கபுலெட் பக்கத்து டிபால்ட் சண்டைக்கு வருகிறான், ஊர் ஜனங்கள் தடியோடும் ஈட்டியோடும் இரண்டு குடும்பமும் ஒழிக என்று கத்திக்கொண்டு இறங்குகிறார்கள், கடைசியில் வயதான கபுலெட் வீட்டு அங்கியோடு ஓடிவந்து என் நீள வாளைக் கொண்டுவா என்கிறார். உங்களுக்கு வாள் எதற்கு, ஊன்றுகோல் போதும் என்கிறார் அவர் மனைவி. நூறு வரி தாண்டுவதற்குள் ஒரு விரலசைவு ஊர்க் கலவரமாகிவிட்டது. காதல் கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இந்தப் பகைக்குக் காரணம் என்ன? நாடகம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. பழைய பகை என்று முன்னுரை சொல்கிறது. ஒன்றுமில்லாத ஒரு வார்த்தையிலிருந்து மூன்று கலவரம் கிளம்பிவிட்டது என்று வெரோனாவின் பிரபு எஸ்கலஸ் கடிந்துகொள்கிறார். அவ்வளவுதான். நிலமா, பணமா, கொலையா, பெண்ணா, எதுவும் சொல்லப்படவில்லை. ஷேக்ஸ்பியர் கையில் காரணம் இல்லாமல் இல்லை. அவர் முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நீண்ட ஆங்கிலக் கவிதை. சம அந்தஸ்து உள்ளவர்களுக்குள் பொறாமை வரும், அந்தப் பொறாமை வேர்விட்டுத்தான் இரண்டு குடும்பத்துக்கும் கறுப்பு வெறுப்பு வளர்ந்தது என்று புரூக் ஒரு காரணத்தை எழுதி வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியர் அதிலிருந்து சம அந்தஸ்து என்பதை மட்டும் எடுத்து முதல் வரியிலேயே வைத்தார், பொறாமை என்ற காரணத்தை விட்டுவிட்டார். என் பார்வையில் நாடகத்திலேயே மிகத் துணிச்சலான முடிவு இதுதான். காரணம் என்று ஒன்று இருந்தால் பார்வையாளர்கள் பக்கம் எடுத்துவிடுவார்கள், யார் முதலில் தப்புச் செய்தது என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுவார்கள். காரணத்தை எடுத்துவிட்டால், இந்தப் பகை இன்றைக்கு எதை வைத்து ஓடுகிறது என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும்.

நம் ஊரில் இந்த நாடகத்தைப் பேசும்போது ஆணவக் கொலைகளோடு சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த ஒப்பீடு பாதி தூரம்கூடப் போகாது. ஆணவக் கொலையில் மேலே இருப்பதாக நினைக்கிற சாதி, கீழே வைத்திருக்கிற சாதியோடு கலந்ததற்காகக் கொல்கிறது, அங்கே காதல்தான் குற்றம். வெரோனாவில் இரண்டு குடும்பமும் சமம், இன்னும் சொல்லப்போனால் இரு வீட்டுப் பெற்றோருக்கும் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டதே கல்லறையில் பிணங்களைப் பார்க்கும்வரை தெரியாது. இந்த நாடகத்தில் காதலித்ததற்காக யாரும் யாரையும் கொல்லவில்லை. கபுலெட்டின் மனைவி ரோமியோவை விஷம் வைத்துக் கொல்ல ஆள் அனுப்பப் பார்க்கிறாள், அதுகூட டிபால்ட்டைக் கொன்றதற்குப் பழியாகத்தான்.

சரி, நிஜத்தில் இப்படி ஒரு பகை இருந்ததா? மாண்டேகு, கபுலெட் என்ற பெயர்களின் இத்தாலிய வடிவங்களை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாந்தே தன் காவியத்தில் ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறார், இத்தாலியைச் சின்னாபின்னமாக்கிய உட்பகைக்கு உதாரணமாக. அவர்கள் காதலுக்குக் குறுக்கே நின்ற இரண்டு வீடுகள் இல்லை, அரசியல் கட்சிகள். ஒரு கட்சி வெரோனாவோடும் இன்னொன்று கிரெமோனாவோடும் சேர்த்துப் பேசப்படுபவை. அந்தப் பெயர்களை எடுத்து வெரோனாவில் ஒரு காதல் கதையாகக் கட்டியவர் லூயிஜி தா போர்த்தோ, விசென்சா ஊரைச் சேர்ந்த ஒரு குதிரைப்படைத் தலைவர். கதை அச்சானது 1530ஐ ஒட்டி.

தா போர்த்தோவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படித்தால் கதையின் நிறமே மாறிவிடும். அவர் தாய்வழியில் சவோர்ஞான் குடும்பத்துக்கு உறவு. வெனிஸ் ஆட்சியில் இருந்த ஃப்ரியூலி பகுதியில் அந்தக் குடும்பத்தின் தலைவர் அந்தோனியோ சவோர்ஞான் ஒரு பெரிய கோஷ்டிக்குத் தலைவர், விவசாயிகளும் நகரத்துச் சாதாரண ஜனங்களும் அவர் பக்கம். எதிர்க் கோஷ்டி கோட்டைகளை வைத்திருந்த பிரபுக்கள். 1511 பிப்ரவரி 27, கார்னிவல் வியாழக்கிழமை, உதினே நகரத்தில் அந்தோனியோவின் ஆட்கள் எதிர்க் கோஷ்டிப் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்து வெட்டினார்கள், கொள்ளையடித்தார்கள். அது கிராமங்களுக்குப் பரவி கோட்டைகள் எரிந்தன. அந்தோனியோவை மறு ஆண்டு பழிதீர்த்துக் கொன்றார்கள். அதே ஃப்ரியூலியில் வெனிஸ் படையில் இருந்த தா போர்த்தோ 1511லேயே போரில் கழுத்தில் பலத்த காயம் பட்டு, உடம்பு முடங்கி, ராணுவ வாழ்க்கை முடிந்து வீட்டோடு உட்கார்ந்தார். அப்புறம்தான் இந்தக் கதையை எழுதினார். அதை லுசீனா சவோர்ஞான் என்ற உறவுக்காரப் பெண்ணுக்குச் சமர்ப்பித்தார். இருவரும் காதலித்தார்கள், குடும்பத்தின் உட்பகையில் அது நடக்காமல் போயிற்று என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. காதல் விஷயம் எப்படியோ போகட்டும், கோஷ்டிச் சண்டை என்றால் என்ன, ஒரே நாளில் தெரு எப்படி ரத்தமாகும் என்பதைக் கண்ணால் பார்த்த ஒரு தலைமுறையிலிருந்து இந்தக் கதை வந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஷேக்ஸ்பியருக்கு இத்தாலிவரை போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நாடகம் 1590களின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது, முதல் அச்சு 1597. 1594 அக்டோபரில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் டான்வர்ஸ் குடும்பத்துக்கும் லாங் குடும்பத்துக்கும் நெடுநாளாக இருந்த பகையில், டான்வர்ஸ் சகோதரர்கள் இருவர் கார்ஷாம் ஊரில் ஹென்றி லாங்கைக் கொன்றுவிட்டு பிரான்ஸுக்குத் தப்பினார்கள். அவர்களுக்கு அடைக்கலம் தந்து தப்பவைத்தவர் சவுத்தாம்ப்டன் பிரபு, ஷேக்ஸ்பியர் அதே ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் தன் இரண்டு நெடுங்கவிதைகளைச் சமர்ப்பித்தது அவருக்குத்தான். சகோதரர்களுக்குச் சில ஆண்டுகளில் மன்னிப்பும் கிடைத்தது. நாடகக்காரர்கள் உலகமும் இப்படித்தான் இருந்தது. கிறிஸ்டோபர் மார்லோ 1589இல் நாடகக் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்தில் வாள்சண்டையில் இறங்கினார், விலக்க வந்த நண்பர் தாமஸ் வாட்சன் எதிராளியைக் கொன்றார். பென் ஜான்சன் 1598இல் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரைக் கொன்று, தூக்கிலிருந்து தப்பி, கட்டைவிரலில் சூடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இதோடு ஆயுதமும் மாறிக்கொண்டிருந்தது. பழைய ஆங்கிலேயச் சண்டை கனமான வாளும் கேடயமும் வைத்து வெட்டுவது, சத்தம் அதிகம், காயம் உண்டு, சாவு அவ்வளவு இல்லை. இத்தாலியிலிருந்து வந்த ரேப்பியர் மெலிந்த நீண்ட வாள், குத்துவதற்கென்றே செய்தது, சரியாக இறங்கினால் ஆள் பிழைப்பது கஷ்டம். எலிசபெத் அரசி வாளின் நீளத்துக்கே கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது. வின்சென்டியோ சவியோலோ என்ற இத்தாலிய ஆசான் லண்டனில் 1595இல் வாள்வித்தை நூல் வெளியிட்டபோது ஒரு பாதி ரேப்பியரும் கட்டாரியும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது, மறுபாதி முழுக்க மானம் பற்றியது, எந்த வார்த்தை சொன்னால் சண்டைக்கு அழைக்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது பற்றியது. டிபால்ட் இந்த இரண்டு பாதியையும் கரைத்துக் குடித்தவன். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ அவனைப் பற்றிப் பேசும்போது இத்தாலிய வாள்வீச்சின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கி எரிச்சல்படுகிறான்.

இந்தப் பின்னணியோடு திரும்பிப் பார்த்தால் இரண்டு குடும்பத் தலைவர்களும் சோர்ந்துபோயிருப்பது கண்ணில் படும். கலவரத்துக்குப் பிறகு கபுலெட், எனக்கும் மாண்டேகுவுக்கும் ஒரே தண்டனைதான், எங்களைப் போன்ற கிழவர்கள் அமைதியாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்கிறார். அன்று இரவு விருந்தில் ரோமியோ முகமூடியோடு தன் வீட்டுக்குள்ளேயே நிற்பது தெரிந்தும், நல்ல பையன் என்று வெரோனா சொல்கிறது, விட்டுவிடு என்று டிபால்ட்டை அதட்டுகிறார். இங்கே எஜமான் நானா நீயா என்று கேட்கிறார். டிபால்ட் அடங்குகிறான், ஆனால் விழுங்கியதெல்லாம் மறுநாள் கசப்பாக வெளியே வருகிறது. ரோமியோ வீட்டுக்குச் சவால் கடிதம் போகிறது. நாம் கவனிக்கத் தவறும் ஒரு விவரம், டிபால்ட் கபுலெட் ரத்தம் இல்லை. கபுலெட்டின் மனைவிக்கு அண்ணனோ தம்பியோ பிள்ளை, அதாவது குடும்பத் தலைவருக்கு மைத்துனர் மகன். குடும்பத்துக்காக அதிகம் கொதிக்கிறவன் அந்தப் பெயரைச் சுமக்காதவன். பகை அவனுக்குப் பரம்பரைச் சொத்து இல்லை, அந்த வீட்டில் தனக்கு ஒரு இடம் வேண்டும் என்றால் அவன் காட்டியாக வேண்டிய அடையாள அட்டை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாம்சனுக்கும் அதேதான்.

திங்கட்கிழமை மத்தியானம். நல்ல வெயில், ஜூலை மாதம். வெயிலில் ரத்தம் கொதிக்கும், வீட்டுக்குப் போகலாம் என்று பென்வோலியோ கெஞ்சுகிறான், மெர்குஷியோ கேட்கவில்லை. டிபால்ட் வந்து ரோமியோவை அயோக்கியன் என்கிறான், மானநூல்படி இந்த வார்த்தைக்கு வாள்தான் பதில். ரோமியோ கல்யாணம் முடித்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது, டிபால்ட் இப்போது அவனுக்குச் சொந்தம். அதை வெளியே சொல்ல முடியாது, உன்னை நேசிக்க எனக்குக் காரணம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறான். நாடகத்திலேயே பகை ஓட்டம் நின்றிருக்கக்கூடிய ஒரே கணம் இது, ஏனென்றால் அவமானத்தை வாங்கிக்கொண்டு ஒருவன் திருப்பித் தராமல் நிற்கிறான். டிபால்ட்டுக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியாத நிலை. அப்போது முதல் வாளை உருவுகிறவன் மெர்குஷியோ. அவன் மாண்டேகுவும் இல்லை, கபுலெட்டும் இல்லை, பிரபுவின் உறவினன், கபுலெட் வீட்டு விருந்துக்கு முறையாக அழைக்கப்பட்டவன். நண்பன் பணிந்து போவதை அவனால் பார்க்க முடியவில்லை, கேவலமான பணிவு என்கிறான். ரோமியோ நடுவில் பாய்ந்து தடுக்க, அவன் கைக்குக் கீழாக டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவுக்குள் இறங்குகிறது. உங்கள் இரண்டு வீடுகளுக்கும் கொள்ளைநோய் வரட்டும் என்று சபித்துவிட்டுச் சாகிறான்.

புரூக் எழுதியதில் இது கிடையாது. அங்கே மெர்குஷியோ விருந்தில் ஒரு நிமிடம் தலைகாட்டும் ஆள். ஈஸ்டருக்கு அடுத்த நாள்களில் பெரிய தெருக்கலவரம், ரோமியோ விலக்கப் போகிறான், டிபால்ட் அவனைத் தாக்குகிறான், தற்காப்பில் அவன் கொல்கிறான். நிரபராதி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஷேக்ஸ்பியர் அந்தத் தப்பிக்கும் வழியை அடைத்தார். அவருடைய ரோமியோ நண்பன் செத்த செய்தி கேட்டு, ஜூலியட்டின் அழகு என்னைக் கோழையாக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, திரும்பி வந்த டிபால்ட்டைத் தானே எதிர்கொண்டு கொல்கிறான். அந்த நேரத்தில் அவன் மனதில் மாண்டேகுவும் கபுலெட்டும் இல்லை. ஆண்மை போயிற்று என்ற கூச்சமும் நண்பனின் ரத்தமும்தான் இருக்கிறது. பகை அவனுக்குள் போக அதுவே போதுமாக இருந்தது. விதியின் விளையாட்டுப் பொம்மை ஆகிவிட்டேன் என்று அவன் கத்துவதை வைத்துக்கொண்டு இது விதியின் கதை என்று எழுதுகிறவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜூலியட் சாகவில்லை, மருந்தில் மயங்கித்தான் கிடக்கிறாள் என்று நாடுகடத்தப்பட்ட ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச்சேராதது தற்செயல், அதைக் கொண்டுபோன மடத்துத் துறவியைக் கொள்ளைநோய்ப் பயத்தில் பூட்டிவைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கடிதம் தேவைப்பட்டதே திங்கட்கிழமை மத்தியானம் மூன்று பேர் அடுத்தடுத்து எடுத்த முடிவுகளால்தான்.

பிரபு வருகிறார், விசாரணை நடக்கிறது. கோஷ்டிச் சண்டையில் சாட்சி என்பது என்ன ஆகும் என்று பாருங்கள். நல்லவன் என்று நாம் நம்புகிற பென்வோலியோ, மெர்குஷியோ முதலில் வாள் உருவியதை மழுப்பி, டிபால்ட்தான் பாய்ந்தான் என்பது போலச் சொல்கிறான். இவன் மாண்டேகு உறவு, பொய் சொல்கிறான் என்று கபுலெட்டின் மனைவி கத்துகிறாள், அதில் உண்மை இருக்கிறது. அடுத்த மூச்சில் அவளே இருபது பேர் சேர்ந்து ஒருவனைக் கொன்றார்கள் என்கிறாள், அது பச்சைப் பொய். எங்கள் ரத்தத்துக்கு மாண்டேகு ரத்தம் சிந்த வேண்டும் என்று கேட்கிறாள். மாண்டேகுவோ, சட்டம் எடுக்க வேண்டிய உயிரைத்தானே என் மகன் எடுத்தான் என்கிறார். பழிக்குப் பழியும் சட்டமும் ஒன்றுதான் என்று இரு தரப்பும் நினைப்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

தீர்ப்பு இன்னும் மோசம். மறுபடி தெருவில் சண்டை வந்தால் உயிர் போகும் என்று ஒரு நாளைக்கு முன்னால் சொன்னவர், இப்போது நாடுகடத்தல், அபராதம் என்று இறங்குகிறார். ரோமியோவுக்கு இரக்கம் காட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குச் செத்தவர்களில் ஒருவன் பிரபுவின் சொந்தக்காரன் என்பதால்தான் அவருக்கு இந்த அளவுக்காவது கோபம் வருகிறது. இதற்கு முன் மூன்று கலவரம் நடந்தபோது தெருவில் அடிபட்டவர்கள் வேலைக்காரர்களும் ஊர்க்காரர்களும், அப்போது அவர் திட்டிவிட்டு விட்டுவிட்டார். கடைசிக் காட்சியில் அவரே இதை ஒத்துக்கொள்கிறார், உங்கள் சண்டையைக் கண்டும் காணாமல் இருந்ததால் நானும் இரண்டு உறவினர்களை இழந்தேன் என்று. மெர்குஷியோ ஒருவன், ஜூலியட்டுக்குப் பெற்றோர் பார்த்த மாப்பிள்ளை, கல்லறை வாசலில் ரோமியோ கையால் சாகும் பாரிஸ் இன்னொருவன்.

சட்டம் தெருவை அடைத்த பிறகு வன்முறை எங்கே போகிறது? வீட்டுக்குள். பாரிஸைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன மகளிடம் கபுலெட் பேசுவதைப் படித்தால் உடம்பு பதறும். கை துருதுருக்கிறது என்கிறார். தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் சா என்கிறார். நீ என்னுடையவள் என்றால் என் நண்பனுக்குக் கொடுப்பேன் என்கிறார். மாண்டேகுவின் மகனை விட்டுவிடு என்று விருந்தில் பெருந்தன்மையாகச் சொன்ன அதே மனிதர். ஜூலியட்டுக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை, புரூக்கின் பதினாறை ஷேக்ஸ்பியர் குறைத்திருக்கிறார். டிபால்ட் செத்த மறுநாள் காலை இது நடக்கிறது. எதிரி மேல் காட்ட முடியாத அதிகாரம் மகள் மேல் இறங்குகிறது. நாடகத்தின் வன்முறைக் காட்சிகள் என்று வாள்சண்டைகளை மட்டும் எண்ணுகிறவர்கள் இதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும், ஜூலியட் அந்த மயக்க மருந்தைக் குடிக்கக் காரணம் இந்த ஒரு காட்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது வியாழக்கிழமை விடியலில் முடிகிறது. புரூக்கிடம் மாதக்கணக்கில் நீண்ட கதை. மெர்குஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட், மகன் நாடுகடத்தப்பட்ட துக்கத்தில் மாண்டேகுவின் மனைவி என்று ஆறு சாவு. கபுலெட் கை நீட்டுகிறார், என் மகளுக்குச் சீதனமாக இதைக் கொடு என்கிறார். மாண்டேகு, அதைவிட அதிகம் தருகிறேன், உன் மகளுக்குச் சொக்கத்தங்கத்தில் சிலை எழுப்புவேன் என்கிறார். அப்படியானால் அவள் பக்கத்தில் ரோமியோவுக்கும் அதே மதிப்பில் நான் எழுப்புவேன் என்று கபுலெட் சொல்கிறார். பிணங்களுக்கு நடுவில் நின்றுகொண்டும் இவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர் குறையாமல் இருப்பது முக்கியமாக இருக்கிறது. அந்தச் சமாதானம் உண்மையானதாக இருக்கலாம், ஆனால் நேற்றுவரை பகையை நடத்திய அதே போட்டி மனசு அதற்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று மட்டும் சொல்லி பிரபு நாடகத்தை முடித்துவைக்கிறார், யாருக்கு எது என்று சொல்லவில்லை. புரூக் அதைச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்தை மறைத்ததற்காக ஜூலியட்டின் செவிலித்தாய் நாடுகடத்தப்படுகிறாள். விஷம் விற்ற ஏழை மருந்துக்காரனைத் தூக்கில் போடுகிறார்கள். ரோமியோவின் வேலைக்காரனை விட்டுவிடுகிறார்கள். இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்த துறவி ஊருக்கு வெளியே ஒரு தவக்குடிலுக்குப் போய்விடுகிறார். இரண்டு குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு தண்டனையும் இல்லை.